ஆறுதல் சொல்வது யார்?

தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவாக இருக்கட்டும், எஸ்.பி.எம். மாணவர்களுக்கான தன்முனைப்பு முகாமாக இருக்கட்டும், ஒரு பாட்டு மட்டும் தவறாமல் ஒலிக்கும். 'ஒவ்வொரு பூக்களுமே'. 2004-இல் வெளிவந்த சேரனின் 'ஆட்டோகிராஃப்' படப் பாடல். இசை பரத்வாஜ், வரிகள் பா. விஜய், குரல் கே.எஸ். சித்ரா. அந்த ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருதுகளில் சிறந்த பாடலாசிரியர், சிறந்த பின்னணிப் பாடகி ஆகிய இரண்டு விருதுகளையும் இந்த ஒரே பாட்டு பெற்றுத் தந்தது.

வானொலி அறிவிப்பாளராக நான் இதை எத்தனை முறை ஒலியேற்றியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. என்னுடையது அதிகாலை நிகழ்ச்சி. ஜொகூர் பாருவில் அதிகாலை என்றால் என்னவென்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் பாலத்தை நோக்கிக் கிளம்பிவிடும். 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் சோதனைச் சாவடி வரிசையில் நின்று அதைக் கடப்பதற்குள் சில நாள்களில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். பிள்ளைகள் கண் விழிக்கும் முன் கிளம்பி, அவர்கள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் அப்பா அம்மாக்கள்தான் என் நேயர்கள். அவர்கள் அதிகம் கேட்கும் பாடல்களில் இதுவும் ஒன்று.

தமிழாசிரியர் ஒருவர் மட்டும் இந்தப் பாட்டு வந்தால் குறுஞ்செய்தி அனுப்பிவிடுவார். "'ஒவ்வொரு' என்று வந்தால் அடுத்து ஒருமைதான் வர வேண்டும், அம்மா. 'ஒவ்வொரு பூவும்' என்பதே சரி." இலக்கணப்படி அவர் சொல்வது சரிதான். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. இந்தப் பாட்டை யார், யாருக்காகப் பாடுகிறார்கள்?

படத்தில் வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். காதல் தோல்வியில் உடைந்துபோன நாயகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பாடுவது சினேகா நடித்த திவ்யா. நோயில் விழுந்த தாயைத் தன் ஒருத்தியின் உழைப்பால் காப்பாற்றுகிறவள் அவள். அவளோடு இருக்கும் இசைக்கலைஞர்களுக்குக் கண்பார்வை இல்லை. அது நடிப்பும் இல்லை. பார்வையற்ற பாடகர் கோமகனும் அவருடைய இசைக்குழுவினரும் தாங்களாகவே திரையில் தோன்றினார்கள்.

பார்வையற்றவர்களைத் திரையில் கண்டால் "ஐயோ, பாவம்" என்பது நம் பழக்கம். இந்தக் காட்சியில் ஆறுதல் தேவைப்படுவது கண் இருக்கிறவனுக்கு. அதைக் கொடுப்பவர்களோ நாம் பாவம் என்று நினைக்கும் மனிதர்கள். அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்கிறார்கள். வருடக்கணக்கில் பழகிய கையால் வாசிக்கிறார்கள், சுதி தப்பாமல் பாடுகிறார்கள்.

2021-இல்தான் இது எனக்கு நன்றாகப் புரிந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, தினமும் பாலம் கடந்து போய்வந்த பிழைப்பு நின்றது. வேலையைக் காப்பாற்ற நினைத்தவர்கள் சிங்கப்பூரிலேயே தங்கினார்கள். பழையபடி தனிமைப்படுத்தல் இல்லாமல் போய்வர 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் ஓர் இரவு, ஓர் இளைஞரிடமிருந்து குரல்பதிவு வந்தது. ஐந்து பேரோடு ஒரே அறையில் தங்கித் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

"அக்கா, காலையில அந்தப் பாட்டைப் போடுங்க. எனக்கில்ல, அம்மாவுக்கு. நான் கேட்டேன்னு பேர் சொல்லிப் போடுங்க. நான் நல்லா இருக்கேன்னு அவங்க நம்பணும்."

நான் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வீட்டை விட்டுத் தனித்துக் கிடந்தது அவர். நியாயமாகப் பார்த்தால் ஆறுதல் அவருக்குத்தான் தேவை. அவரோ மாசாயில் இருக்கும் அம்மாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர் பெயரைச் சொல்லிப் பாட்டைப் போட்டேன்.

அதே ஆண்டு மே மாதம் கோமகன் கொரோனாவால் சென்னையில் காலமானார். கச்சேரிகள் நின்றுபோன காலம் அது. மேடைதான் பிழைப்பு என்று வாழ்ந்த கலைஞர்கள் வருமானமின்றித் தவித்தார்கள். அவர் தோன்றிய பாட்டு மட்டும் எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. நம்பிக்கை கொடுத்தவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்ற கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை.

தன்முனைப்புப் பேச்சுகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. "முடியும்", "முயற்சி செய்" என்று மேடையிலிருந்து சொல்வதும் சுலபம். கடன்காரன் வாசலில் நிற்கும்போது, அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமாகிவிடுகிறது. எல்லாம் உள்ளவர் சொன்னால் அது அறிவுரையாகத்தான் காதில் விழும். தானும் ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால் மனம் கேட்கும். இந்தப் பாட்டு இருபது வருடம் தாண்டியும் நிற்பதற்கு, வரிகளுக்கும் சித்ராவின் குரலுக்கும் அடுத்தபடியாக, இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

வேலை இழந்த நண்பருக்கு இந்தப் பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் தப்பில்லை. அனுப்பிவிட்டு, அவர் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். முடிந்தால் உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு வேலை கேட்டுப் பாருங்கள். கோயில் திருவிழாவுக்கும் திருமண விருந்துக்கும் இசைக்குழு தேடும்போது, பார்வையற்ற கலைஞர்களையும் விசாரியுங்கள். பாவம் பார்த்துக் கூப்பிட வேண்டாம். நன்றாக வாசிக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்து, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுங்கள்.