கணக்கில் எழுதாத வெட்டு

"சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் நிலுவை வைத்திருப்போர் உடனடியாகச் செலுத்தி, குடிநீர் இணைப்புத் துண்டிப்பைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்." மார்ச் மாதக் கடைசியில் தமிழ்நாட்டின் எந்த நகராட்சிக்குப் போனாலும் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து இந்தக் குரல் கேட்கும். திருவாரூர்க் கடைத்தெருவிலும் கேட்டுக்கொண்டிருந்தது. பாத்திரக்கடை வாசலில் நின்றிருந்த முதலாளி ஆட்டோ தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கட்டு கட்டுங்கிறாங்க. கட்டுன காசு எங்க போவுதுன்னு எந்த ஆட்டோவும் சொல்ல மாட்டேங்குதே" என்றார்.

எனக்கு இருந்த கேள்வியும் அதுதான். வரி ஏறினால் நாடே பேசுகிறது. போராட்டம், வெளிநடப்பு, அறிக்கை எல்லாம் நடக்கின்றன. ஆனால் ஒரு நகராட்சி கையில் காசில்லாமல் எதையெல்லாம் செய்யாமல் விடுகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று மன்றத்திலும் பேச்சில்லை, தெருவிலும் பேச்சில்லை. அதைத் தெருவில் வைத்தே புரிந்துகொள்ள வந்தேன். துணைக்கு ஒரு பெரியவர் வந்தார். டெல்டாவின் வேறொரு நகராட்சியில் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகக் காகிதத்தில் அந்த வேலைக்கு வரித் தண்டலர் என்று பெயர். ஊர் ஜனங்களுக்கு என்றும் பில் கலெக்டர்தான்.

"தம்பி, வரி கட்டுற கட்டடம் எது, கட்டாத கட்டடம் எதுன்னு பாத்துக்கிட்டே நடங்க. பாதிக் கணக்கு புரிஞ்சிடும்" என்றார்.

அப்படியே நடந்தோம். ரயில் நிலையம் ஒன்றிய அரசின் சொத்து. அரசியல் சாசனத்தின் 285-ஆம் பிரிவுப்படி உள்ளாட்சி அதற்குச் சொத்து வரி போட முடியாது. தியாகராஜர் கோயில் வழிபாட்டு இடம், அதற்கும் விலக்கு. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பது இந்த ஊரின் பெருமைக் கணக்கு. ஐந்து வேலி என்றால் 33 ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகம். ஊரின் நடுவே இத்தனை இடம் வரிக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும், கமலாலயக் குளத்துக்கு யாரும் வரி கேட்கப் போவதில்லை. ஆனால் பங்குனியில் ஆழித் தேர் ஓடும்போது நான்கு வீதிகளிலும் திரளும் கூட்டத்துக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், கழிப்பறை வேண்டும், தேர் நிலைக்கு வந்த பிறகு வீதியைக் கூட்டிக் குப்பை அள்ள வேண்டும். நான் போன நேரத்தில் தேருக்குக் கட்டுமானம் ஏறிக்கொண்டிருந்தது. மூங்கிலும் கயிறும் துணியுமாக அது உயர்வதை நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு, அடுத்த நாள் காலையில் அந்த வீதியைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

1997-இல் மாவட்டத் தலைநகரான ஊர் இது. 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பக்கத்தில் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம். படிக்கவும், மருத்துவம் பார்க்கவும், அலுவலக வேலைக்கும் தினமும் வந்துபோகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நகராட்சியின் மக்கள்தொகை என்று காகிதத்தில் நிற்பது 2011 கணக்கெடுப்பின் 58,301. 2021-26 காலத்து ஒன்றிய நிதிக்குழு மானியப் பங்கீடும் அந்தக் கணக்கெடுப்பை வைத்துத்தான் நடந்தது. அதன் பிறகு வந்த தலைகளுக்குக் குப்பை உண்டு, கழிவுநீர் உண்டு, மானியம் இல்லை.

ஊரில் பெரிய ஆலை ஏதும் கிடையாது. சுற்றிலும் வயல். குறுவையும் சம்பாவும் நன்றாக வந்தால் கடைத்தெருவில் நகையும் துணியும் நகரும், இல்லையென்றால் கடை ஈயோட்டும். 2020-இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தபோது டெல்டாவே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். எண்ணெய்க் கிணறும் உருக்காலையும் புதிதாக இங்கே நுழையக் கூடாது என்பது சரியான முடிவு. ஆனால் நாட்டுக்கு நெல் வேண்டும் என்று ஒரு நிலப்பரப்பை நெல்லுக்கே விட்டுவைத்தால், அங்கிருக்கும் ஊர்களின் கஜானாவுக்கு யார் பொறுப்பு? கோயம்புத்தூர் தொழிற்கூடங்களிலிருந்து வசூலிக்க முடிவதைத் திருவாரூர் யாரிடம் வசூலிக்கும்? இங்கே இருப்பவை வீடுகளும் கடைகளும்தான்.

"மாநில அரசு தருதே?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"தருது. மாநிலம் சொந்தமா வசூலிக்கிற வரியில பத்துல ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்குன்னு நிதி ஆணையக் கணக்கு. அத கிராமம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சின்னு எல்லாரும் பிரிச்சுக்கணும். குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது, பழைய கடன் தவணை இதெல்லாம் மேலயே புடிச்சுக்கிட்டு மிச்சம்தான் கீழ வரும். வந்ததுமே சம்பளம், பென்சன், கரண்டு பில்லு. அதுக்கு மேல மிஞ்சினாத்தான் ரோடு, சாக்கடை."

ஒன்றிய அரசிடமிருந்து வருவதற்கும் கட்டு உண்டு. 2021-26 காலத்துக்கான பதினைந்தாவது நிதிக்குழு, பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டிவைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்காத மாநிலத்துக்கு மானியமே இல்லை என்றும் சொன்னது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வரி ஏறியதன் பின்னணி இதுதான். 600 சதுர அடிவரை உள்ள வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடத்துக்கு இரட்டிப்பு. 2018-இல் ஒரு முறை உயர்த்தி, 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், நகராட்சிகளில் 2008-க்குப் பிறகு இதுதான் பொதுச் சீராய்வு. பதினான்கு ஆண்டு ஏற வேண்டியது ஒரே நாளில் ஏறினால் வலிக்கத்தான் செய்யும். கொரோனாவில் நொடித்துப்போய் எழுந்துகொண்டிருந்த பாத்திரக்கடைக்காரருக்கு அது இரண்டு மடங்கு வலித்திருக்கும். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தப் பதினான்கு ஆண்டுகளில் என்ன நடந்தது? வரி ஏறாத காலத்தில் மின்கட்டணம் ஏறியது, டீசல் ஏறியது, சிமென்ட் ஏறியது. எங்கோ ஒன்று குறைந்துதானே ஆக வேண்டும். எது குறைந்தது?

கமலாலயத்தின் தென்கரையில் நின்று பெரியவர் பதில் சொன்னார். "வெட்டுன்னு ஒரு வார்த்த எந்த பட்ஜெட்லயும் இருக்காது தம்பி. ஒரு ஃபிட்டர் ரிட்டயர்டு ஆவாரு. அந்த எடம் காலியாவே கெடக்கும். பக்கத்து வார்டு ஃபிட்டரு ரெண்டையும் பாப்பாரு. அப்புறம் அவரும் ரிட்டயர்டு. கடைசியில ஒரு காண்ட்ராக்ட். நான் வேலைக்குச் சேந்தப்ப எங்க ஊர்ல மேஸ்திரியும் ஆளுகளும் காலையில ஆபீஸ் வாசல்ல நின்னா தெருவே அடைச்சிக்கும். நான் வெளிய வந்தப்ப அந்த எடத்துல வண்டி நிறுத்தியிருந்தாங்க. எந்தக் கூட்டத்துலயும் இதுக்கு ஓட்டெடுப்பு நடக்கல."

2021 மழையில் இந்தக் குளத்தின் தென்கரைச் சுற்றுச்சுவர் சரிந்து உள்ளே விழுந்தது. குளம் கோயிலுடையது, நகராட்சியின் பொறுப்பல்ல. ஆனாலும் கரையோரம் நடக்கும்போது அது நினைவுக்கு வராமல் இருக்காது. பராமரிப்பு என்பது தள்ளிப்போட மிகவும் வசதியான செலவு. இந்த ஆண்டு செய்யாவிட்டால் இந்த ஆண்டு ஒன்றும் தெரியாது. தெரியும்போது செலவு பல மடங்காகியிருக்கும்.

வடிகாலுக்கு இது இன்னும் பொருந்தும். டெல்டா தட்டையான மண். மலையோரத்து ஊரில் மழைத் தண்ணீர் தானாக ஓடிவிடும். இங்கே சாக்கடையில் அரை அடி வண்டல் நின்றால் ஓடம்போக்கி ஆற்றை நோக்கிப் போக வேண்டிய தண்ணீர் தெருவிலேயே நிற்கும். ஐப்பசிக்கு முன் தூர்வாரியாக வேண்டும். ஆள் இல்லை, ஒப்பந்தம் தாமதம் என்று கார்த்திகைவரை போனால் தண்ணீரோடு கொசுவும் வரும். வீடு வீடாகத் தொட்டியைத் திறந்து பார்த்து மருந்து ஊற்றும் டி.பி.சி. தொழிலாளர்கள் பெரும்பாலும் தினக்கூலிகள். காசு குறைந்தால் முதலில் குறைவது அவர்களுடைய வேலை நாள். அப்படி வேறொரு ஊரில் வேலை செய்யும் ஒரு அக்காவிடம் பேசினேன். "டெங்கு வந்தா எங்களக் கூப்புடுவாங்க. டெங்கு வராம பாத்துக்கிட்டா, வேலை இல்லைம்பாங்க" என்றார். நிதிநிலை குறித்து நான் படித்த எந்த அறிக்கையிலும் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை.

மன்றத்தில் இதைக் கேட்க மாட்டார்களா என்றால், நெடுங்காலம் மன்றமே இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்ற உத்தரவால் நின்று, 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு நகராட்சிகளின் வரவு செலவைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் ஒன்றிய நிதிக்குழு மானியமும் தேங்கியது. அந்த ஆண்டுகளில் எது வெட்டுப்பட்டிருந்தாலும் அதை எதிர்த்துக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. இதைவிடப் பெரிய இழப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் இருந்தார்கள். சொத்து வரியோடு ரூபாய்க்குப் 10 காசு நூலக வரி சேர்த்து வசூலிக்கப்படுகிறது. 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த நூலகச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு. வசூலித்த நகராட்சி அதை நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கத் தாமதமானால் அந்தத் தாமதமும் ஒரு வெட்டுதான். புதுப் புத்தகம் வராத அலமாரியைப் பார்த்து யாரும் நகராட்சிக் கணக்கை நினைக்க மாட்டார்கள்.

இருட்டத் தொடங்கும்போது பழைய பேருந்து நிலையத்தின் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பாத்திரக்கடைக்காரரும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய வாதம் நேரடியானது. "எல்லாத்தையும் காண்ட்ராக்ட் விடட்டும் சார். ஆள் குறையும், செலவு குறையும், வரியும் குறையும்."

"எது குறையுதுன்னு பாருங்க அண்ணாச்சி" என்றார் பெரியவர். "வண்டி அதே வண்டி, டீசல் அதே டீசல். அதுக்கு மேல காண்ட்ராக்டருக்கு லாபம் வேற. அப்ப மிச்சம் எங்கேருந்து வருது? கூட்டுற பொம்பளையோட சம்பளத்துலேருந்துதான்."

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு தனியாருக்குப் போனது. போனால் கையில் வரும் சம்பளம் குறையும் என்றார்கள் அவர்கள். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. பாத்திரக்கடைக்காரர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் இங்கிலாந்தின் பர்மிங்காம் கதையைச் சொன்னேன். 2023 செப்டம்பரில் அந்த மாநகராட்சி, தன்னால் வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்று சட்டப்படி அறிவித்தது. அடுத்த ஆண்டு ஒரே தடவையில் ஏறத்தாழ 10 விழுக்காடு வரி உயர்வு. தெருவிளக்கை மங்கலாக்குவது, குப்பையை இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் எடுப்பது, நூலகங்களைக் குறைப்பது எல்லாம் திட்டத்தில் இருந்தன. 2025-இல் குப்பை வண்டித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் தெருக்களில் மூட்டைகள் மலைபோல் கிடந்தன. அந்த ஊர் பட்ட துன்பம் எவருக்கும் வர வேண்டாம். ஆனால் ஒன்று: எதை வெட்டுகிறோம் என்ற பட்டியல் அங்கே மன்றத்தின் மேசையில் இருந்தது. மக்கள் அதைப் படித்தார்கள், வாசலில் நின்று கத்தினார்கள், உறுப்பினர்கள் கை தூக்கி வாக்களித்தார்கள். யார் தூக்கினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"நம்ம ஊர்ல அதக் கேக்க எடம் இருக்கா?" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

இருக்கிறது. வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபைகள் கூடின. பெரும்பாலும் விளக்கு எரியவில்லை, தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்கும் இடமாகவே அவை இருக்கின்றன. மனு கொடுப்பது வேண்டியதுதான். அதோடு சில கேள்விகளையும் கேட்கலாம் என்று பெரியவர் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். நம் நகராட்சிக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை? போன ஆண்டு தூர்வார ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு? வசூலித்த நூலக வரி முழுவதும் போய்ச் சேர்ந்ததா? ஒப்பந்தத்தில் தொழிலாளிக்கு என்று எழுதிய கூலி என்ன, கையில் கொடுக்கிற கூலி என்ன? வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் நிறைவேறுவதற்கு முன்னால் அதன் நகலை வார்டுக்கு ஒன்றாகப் படிக்கக் கொடுப்பார்களா?

பாத்திரக்கடைக்காரர் கேள்விகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். கூலியைப் பற்றிய கேள்வி வந்ததும் நிறுத்தினார். "இத நான் கேட்டா, அப்புறம் வரியக் கொறைக்கச் சொல்லி நான் கேக்க முடியாதே" என்றார்.

"ரெண்டையும் கேளுங்க" என்றார் பெரியவர். "பதில ஒரே காயிதத்துல எழுதித் தரச் சொல்லுங்க. எது வேணும், எது வேண்டாம்னு அப்புறம் நாம சண்ட போட்டுக்கலாம்."

"அடுத்த சபை எப்ப?" என்று கேட்டுவிட்டு, அவர் தன் வார்டு உறுப்பினருக்குப் போன் போட்டார்.