ஒப்பினெலும் ஹிகோனோகாமியும்

மடக்குக் கத்தி சேர்க்கிறேன் என்றதும், "இருப்பதிலேயே எது நல்லது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். என் மனசுக்கு நெருக்கமானவை இரண்டு.

ஒப்பினெல், பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் உருவாக்கியது. பீச் மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. 1955-ல் வந்த சுழல் வளையம் அலகைப் பூட்டி விரலைக் காப்பாற்றுகிறது. மழைக்காலத்தில் மரம் ஊறிப் பருத்து அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் முனை மெல்ல வெளியே தலைகாட்டும். சவோய்க்காரர்களின் கைப்பழக்கம் இது. எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமிக்குப் பூட்டே கிடையாது. மடித்த தகடுதான் பிடி. அலகின் பின்னால் நீட்டியிருக்கும் சிறு நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வெட்ட வேண்டும். ஒருகாலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான். 1960-க்குப் பிறகு பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம் என்ற பிரசாரம் வலுத்தது, பட்டறைகளும் அருகிப்போயின. எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

மாங்காய் நறுக்க ஒப்பினெல், பென்சில் சீவ ஹிகோனோகாமி. என்னிடம் இருப்பவை கார்பன் எஃகு. புளிப்பு பட்டால் நீலச் சாம்பல் நிறம் படரும். அதைத் தேய்த்துப் போக்காதீர்கள். ஈரத்தைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.