அச்சு நேரானால் தேர் நேராகும்

காஞ்சிபுரத்தில் பங்குனியில் ஏகாம்பரநாதர் தேரும் வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேரும் ஓடுகின்றன. வடம், சக்கரம், அலங்காரம் எல்லாவற்றையும் பேசுகிறோம். அச்சு அமரும் துளையைப் பற்றி அரிதாகவே பேசுகிறோம். தேர் நேராக ஓடுமா என்பதை முதலில் தீர்மானிப்பது அந்தத் துளைதான். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சு 1 பாகை கோணினாலே, சக்கரம் பார்க்கும் திசை 100 மீட்டரில் சுமார் 1.7 மீட்டர் விலகிவிடும்.

முட்டுக்கட்டை போட்டுத் திருப்பிக்கொள்ளலாமே என்பார்கள். வீதி முனைகளில் அது வேண்டும்தான். ஆனால் நேர்வீதியிலும் ஓயாமல் கட்டை போட வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் உருளும் சக்கரத்தருகே குனிந்தாக வேண்டும். திருச்சி பெல் நிறுவனம் பல தேர்களுக்குச் செய்துதந்ததுபோல இரும்பு அச்சு போட்டால் போதாதா என்றும் கேட்கலாம். இரும்பு முறியாமல் காக்கும். கோணலாகப் பொருத்தினால் கோணலாகத்தான் ஓடும். சாலையும் தேரை விலக்கும்தான்; ஆனால் அதன் மேடுபள்ளம் இடத்துக்கு இடம் மாறும், அச்சின் பிழையோ வழிநெடுக ஒரே பக்கம் இழுக்கும். ஆகவே ஓரத்திலிருந்து அளக்காமல் நடுவில் நூல் பிடித்து அளக்க வேண்டும். துளைகளுக்குக் குறித்த நான்கு புள்ளிகளின் மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பார்த்த பிறகே துளையிட வேண்டும். குழந்தைகளின் மரவண்டிக்கும் இதே கணக்குதான். வண்ணம் பூசுவதில் காட்டும் அக்கறையை இந்த அளவெடுப்பிலும் காட்டுவோம்.