நரம்பு சுற்றும் கை

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் மாலை வேளைகளில் கடற்கரைக்குச் செல்வது வழக்கமே. காற்று வாங்குவதும், குழந்தைகளுக்குப் பேல்பூரி வாங்கித் தருவதும் தவிரக் கடலோடு நமக்கு வேறு கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் இல்லை. ஆயினும் நம்மவருள் சிலர் ஞாயிறு விடியலில் தூண்டிற்கோலும் கையுமாக வெர்சோவா, மட், மார்வே என்று கடலோரப் பாறைகளை நாடிப் போகிறார்கள். அவர்களுள் நானும் ஒருவன். மீன் பிடித்த பெருமையைப் பேசுவதற்காக இதனை எழுதவில்லை. பிடித்தவற்றைவிடப் பிடிபடாதவையே எங்கள் கணக்கில் மிகுதி. கோலின் அடியில் தொங்கும் ரீலைப் பற்றியும், அதற்கு நரம்பு சுற்றித்தரும் ஒரு பெரியவரைப் பற்றியும் சொல்லவே விழைகிறேன்.

எங்களிடம் உள்ள ரீல்கள், நரம்பைத் தாங்கும் உருளை அசையாது நிற்க, அதனைச் சுற்றி ஒரு கம்பி வளையம் சுழன்று நரம்பைப் படியவைக்கும் வகையின. இவ்வகைக்கு 1905-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த். அவர் பிராட்போர்டு நகரத்தில் நெசவுத் தொழிலோடு தொடர்புடையவர். ஆலையில் நூற்கண்டிலிருந்து இழை நுனிவழியாகத் தடையின்றிக் கழன்று வருவதைப் பார்த்தே அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்பர். இச்செய்தியை நான் படித்துச் சொன்னபோது எங்கள் பெரியவர் சிறிதும் வியக்கவில்லை. “இதைச் சொல்லப் புத்தகம் எதற்குத் தம்பி? ரீலைப் பார்த்தாலே தெரியவில்லையா?” என்றார்.

அவர் அவ்வாறு சொல்லத் தக்கவரே. சேலத்துப் பக்கம் கைத்தறிக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் தாயார் அருகே அமர்ந்து தார் சுற்றியவர். பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்து பரேல் வட்டாரத்து ஆலை ஒன்றில் நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தார். 1982 ஜனவரியில் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியே நின்றனர். அவர்களுள் எத்தனையோ பேர் மீண்டும் ஆலைக்குள் நுழையவே இல்லை. இவரும் நுழையவில்லை. அதற்குப் பின்னர்க் காவல் வேலை, கடை வேலை என்று எவ்வளவோ பார்த்தார். இழையைத் தொடும் வேலை மட்டும் அமையவில்லை. தூண்டில் பழக்கம் அந்த நாட்களில்தான் தொற்றிக்கொண்டதாம். முதலில் பசிக்காக, பிறகு பழக்கத்திற்காக.

ரீலுக்கு நரம்பு சுற்றுவதை எளிய காரியம் என்று எண்ணுவோர், சுற்றிய ரீலை ஒருமுறை பாறைமேல் நின்று வீசிப்பார்க்க வேண்டும். வளையம் சுழலச் சுழல நரம்பில் முறுக்கு ஏறும். அம்முறுக்கைத் தணிக்க, கடையில் வாங்கிய நரம்புச் சுருளைத் தரையில் படுக்கவைத்துப் பத்துச் சுற்றுச் சுற்றியபின் சற்றே தளரவிட்டுப் பார்ப்பார் பெரியவர். நரம்பு பாம்புபோல் நெளிந்தால் சுருளைத் திருப்பிப் போடுவார். பின்னல் நரம்பாயின் அது வழுவழுப்பான உருளையின்மேல் பிடிப்பின்றி வழுக்கும். ஆகையால் அடியில் சில சுற்று நைலான் நரம்பு வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது இறுக்கம். தளர்வாகச் சுற்றிய பின்னல் நரம்பு, பெரிய மீன் இழுக்கும் வேளையில் தன் அடுக்குகளுக்குள் தானே புதைந்து சிக்கி அறுந்துபோகும். ஆதலால் ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, மற்றொருவர் ஈரத்துணியால் நரம்பைப் பற்றி நிற்க வேண்டும். பற்றும் வேலையைப் பெரியவர் பிறருக்கு விடுவதில்லை. சில வேளை துணியை எறிந்துவிட்டுக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நரம்பை ஓடவிட்டு, “நிறுத்து, இங்கே ஒரு சிராய்ப்பு இருக்கிறது” என்பார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இருக்கும்! விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது சுற்றுவதை நிறுத்தச் சொல்வார். அதற்குமேல் நிரப்பினால் வீசும்போது கொத்தாகக் கொட்டும். குறைத்தால் தொலைவு போகாது.

கடலிலிருந்து திரும்பியபின் ரீலைப் பேணுவதிலோ எங்களுக்குள் ஓயாத வழக்கு. இளைஞர் ஒருவர் குழாயை முழு வேகத்தில் திறந்து கழுவுவார். அதனால் உப்பு வெளியே போகாமல் உள்ளே அன்றோ போகும்? பூத்தூறலாக நல்ல நீரைத் தெளித்து, துடைத்து, நிழலில் உலர்த்துவதே முறை. கழுவும்போது நரம்பை இளக்கிவிடும் திருகை முழுதும் இறுக்கி, உலர்ந்தபின் தளர்த்திவைத்தால் உள்ளிருக்கும் வாஷர்கள் நசுங்கா. நரம்பு உரசிச் செல்லும் சிறு உருளைக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும், பற்சக்கரங்களுக்குக் கிரீஸ். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு கசிவதை இல்லத்தரசிகள் நன்கறிவர். ரீலுக்குள் தங்கிய கடலுப்பும் அவ்வாறே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, அலுமினியமும் எஃகும் சேரும் இடங்களை மெல்ல மெல்ல அரித்துவிடும்.

அதனால்தான் ஜூன் மாதத்தில் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும், நாங்கள் ஆறேழு பேர் எங்கள் ரீல்களை எடுத்துக்கொண்டு சயான் கோலிவாடாவில் உள்ள அவர் வீட்டுக்குச் செல்கிறோம். கூடத்தில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே வைப்பார். அவருடைய மனைவியார் காப்பி கொண்டுவந்து, “மறுபடியும் ஆலை திறந்துவிட்டதா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

இரண்டாண்டுகளாக அவர் பாறைக்கு வருவதில்லை. கண்பார்வை மங்கியதால், வழுக்குப் பாறையில் கால்வைக்க மகன் இசைவதில்லை. மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெரியவர் தம் ரீலை விற்கவும் இல்லை, பெட்டியில் பூட்டவும் இல்லை, என்னிடம் தந்திருக்கிறார். சென்ற ஜூனில் அதற்கு நரம்பு சுற்றியபோது, வழக்கம்போல் நான் கைப்பிடியைப் பற்றினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, நரம்பை என் விரல்களுக்கு இடையே வைத்தார். பாதியில் மூன்று முறை நிறுத்தி, அத்தனையையும் அவிழ்த்து மறுபடி சுற்றச் செய்தார். “கண்ணால் பார்க்காதே, விரலால் கேள்” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை என் விரல் நுனிகள் சிவந்துபோயின.

அக்டோபரில் அந்த ரீலில் ஒரு கொடுவா அகப்பட்டது. இங்குள்ளோர் ஜிதாடா என்று போற்றும் மீன் அதுவே. இரண்டு முறை நெடுந்தூரம் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடிய பிறகே கரைக்கு வந்தது. நடுத்துண்டுகளை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். மீனின் எடையை அவர் கேட்கவில்லை. “ஓடும்போது சத்தம் எப்படி இருந்தது? ஒரே சீராகவா, விட்டுவிட்டா?” என்றார்.

“சீராகத்தான் இருந்தது, அண்ணா.”

“கழுவிவிட்டாயா?” என்று கேட்டு, ரீலுக்காகக் கையை நீட்டினார்.