ரிப்போர்ட்டில் வராதவை

மலாக்கா,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள ஏட்டி,

வாட்சப்பில் பேசலாமே, எதுக்குக் காகிதம் என்று கேட்டிருந்தாய். இந்த வீட்டில் அடுக்களையில் தும்மினால் முன் ரூமில் கேட்கும். அவுக அங்கே உட்கார்ந்து பிரசங்கம் தயாரிக்கும்போது நான் உன்னிடம் சபைக்கதை பேச முடியுமா? பேனா சத்தம் போடாது.

இப்போது அவுக மூன்று மாத ரிப்போர்ட் எழுதுகிறார்கள். எட்டிப் பார்த்தேன். "வீடு சந்திப்பு 34, தோட்ட ஆராதனை 6, ஞானஸ்நானம் 1, அடக்கம் 2. கர்த்தர் பெரிய காரியங்களைச் செய்தார்." அவ்வளவுதான். அந்த 34 வீட்டிலும் நான் குடித்த இனிப்புத் தேத்தண்ணியால் சுகர் ஏறினதுகூட இல்லை. "அந்தப் பாட்டி விஷயம் எழுதலையா?" என்று கேட்டால், "அதெல்லாம் ரிப்போர்ட்டுல வராதுட்டி" என்கிறார்கள். அங்கே வராததெல்லாம் உனக்கு.

பாட்டி விஷயம் இதுதான். ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை போகிறோம். முதல் நாள், லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்ற பாட்டி, நீ யாரென்று கேட்டாள். நான் நம்ம ஊர்ப் பழக்கத்தில் "ஐயரம்மா" என்று சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டையில் அதற்குப் பாதிரியார் மனைவி என்ற ஒரே அர்த்தம்தானே! பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நெற்றியில் பொட்டில்லை. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், மஞ்சள் தடவிய ஒரு காகிதத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். பேத்தியின் ஜாதகம்! "ஐயர்கிட்ட குடுத்து நல்ல நாளாப் பாக்கச் சொல்லும்மா." அந்த நேரம் பார்த்து அவுக வெள்ளை அங்கியும் கையில் வேதாகமமுமாகக் காரிலிருந்து இறங்கினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாட்டி அசரவேயில்லை. "இந்த ஐயரா? சரி, உள்ள வாங்க, தேத்தண்ணி குடிங்க." இங்கே ஐயர் என்றால் கோயில் ஐயர்தான். என்னைப் போன்றவள் "பாஸ்டரம்மா". அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவாளாம். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும், அதனால்தான் அந்த அவசரம். பழைய பிஸ்கட் டின்னிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்துக் காட்டினாள். நுனி நகம்போல வளைந்திருக்கிறது. வாசல் நிலையையே மரமாக வைத்து, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரித்து இழுத்துக் காட்டினாள். பட்டைதான் சீவ வேண்டும், உள்மரத்தில் படக்கூடாது, பட்டால் அந்த இடம் முண்டு முண்டாக வீங்கிவிடும், கங்காணி ஏசுவான் என்றாள். எழுபது தாண்டிய கை, நடுங்கவே இல்லை. நான் வாங்கி ஒரு இழுப்பு இழுத்தேன், நிலையில் பெயிண்ட் பெயர்ந்ததுதான் மிச்சம்.

மலாயாவில் வியாபாரத்துக்கு ரப்பர் போட்டதே இந்த மலாக்காவில்தான் முதலில், தெரியுமா? 1896-இல் டான் சாய் யான் என்ற சீனர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் நட்டாராம். அதற்கப்புறம்தான் தோட்டம் தோட்டமாகப் பெருகி, நம்ம சனம் கப்பல் கப்பலாக வந்தது. இப்போது பாட்டி வெட்டின மரமெல்லாம் போய் எங்கே பார்த்தாலும் செம்பனை. லயத்தில் பாதி வீட்டில் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியக்காரர்களும் இருக்கிறார்கள். நம்ம ஆட்கள் டவுன் ஃப்ளாட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஆராதனைக்கு ஒன்பது பேர் வருவார்கள். அதில் ஐந்து வாண்டுகள். பாட்டுக்கு வருகிறதா, முடிந்ததும் நான் கலக்கிக் கொடுக்கும் மைலோவுக்கு வருகிறதா என்று நான் கேட்பதில்லை. ரிப்போர்ட்டில் ஒன்பது ஒன்பதுதான்.

மலாய் பாஷை என்னைப் படுத்துகிற பாடு! ஒரு போர்டில் "கோலம் ரெனாங்" என்று போட்டிருந்தது. ஆகா, இங்கேயும் கோலப்போட்டி வைக்கிறார்கள் என்று சந்தோஷமாக உள்ளே எட்டிப் பார்த்தேன். ஏட்டி, அது நீச்சல் குளம்! அரைக்கால் சட்டையோடு ஆண்பிள்ளைகள்! நம்ம "குளம்"தான் மலாயில் "கோலம்" ஆகிவிட்டதாம். கடையைக் "கெடாய்" என்கிறார்கள், கப்பலைக் "காப்பால்". போர்ச்சுக்கீசியர் வந்து இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுப் போனதும் உண்டு. அலமாரி, மேசை, துவாலை எல்லாம் கொஞ்சம் உச்சரிப்பு மாறி மலாயிலும் இருக்கிறது. பாதிரியும் "பாடெரி".

பாதிரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எனக்குப் புத்தகம் புத்தகமாகக் கொண்டுவந்து தருகிறார். இந்த ஊரில் முன்ஷி அப்துல்லா என்று ஒருவர் இருந்தார். மலாய் இலக்கியத்தில் பெரிய ஆள். அரபு வழி வந்த குடும்பம், ஆனால் நம்ம நாகூர்த் தமிழ் ரத்தமும் ஓடியது. சின்ன வயசில் தமிழும் படித்தாராம். அந்தக் காலத்து மலாக்காவில் வியாபாரம் பண்ண வேண்டுமென்றால் தமிழ் தெரிய வேண்டும்! லண்டன் மிஷனிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பாதிரிமாருக்கு மலாய் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். முஸ்லிம் மனுஷன் மிஷன் வீட்டிலேயே கிடந்தால் ஊர் சும்மா இருக்குமா? "அப்துல்லா பாடெரி" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவர் தன் கதையை எழுதியபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தாம்சன் என்ற பாதிரி வேதத்தை மலாயில் பெயர்த்தபோது, "ஐயா, இப்படி ஒரு மலாய்க்காரனும் பேசமாட்டான்" என்று இவர் சொல்ல, அவர் கேட்கவே இல்லையாம். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு. நம்ம ஐயரும் இப்படித்தான். "பசங்க பள்ளிக்கூடத்துக்கு 'மட்டம்' போடுறான்னு பிரசங்கத்துல சொன்னீங்க, பாதிப் பேருக்கு விளங்கலை, இங்க 'பொந்தேங்'னு சொல்லணும்" என்று வாத்தியார் எத்தனை தரம் சொல்லியாச்சு!

அந்த வெள்ளைக்காரர்களில் முதலில் வந்தவர் வில்லியம் மில்ன். ஸ்காட்லாந்துக்காரர். அவர் மனைவி ரேச்சல். ஏட்டி, எனக்கு அவள் நினைப்பாகவே இருக்கிறது. 1815-இல் சீனாப் பக்கமிருந்து கப்பலில் வரும்போது நடுக்கடலில் இரட்டைப் பிள்ளை பெற்றாள். ஒரு வயசுப் பெண் குழந்தை ஏற்கெனவே இடுப்பில். மே மாதம் இங்கே இறங்கியிருக்கிறாள். யோசித்துப் பார், இந்த வெயிலில், பாஷை தெரியாத ஊரில், மூன்று கைக்குழந்தை! வந்த வருஷமே அவள் புருஷன் சீனத்தில் மாதப் பத்திரிகை தொடங்கினார், டச்சுக்காரர்களின் கோயிலில் ஞாயிறு தவறாமல் பிரசங்கம் செய்தார், 1818-இல் ஆங்கிலோ சீனக் கல்லூரிக்கு அஸ்திவாரக் கல் வைக்க ஏற்பாடு செய்தார். அதற்கெல்லாம் வருஷம் மாதம் தேதியோடு கணக்கு இருக்கிறது. 1819 மார்ச்சில் ரேச்சல் இறந்துபோனாள், கையில் பிறந்து சில வாரமே ஆன பிள்ளை. மூன்று வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார், நாற்பதுகூட ஆகவில்லை. நாலு பிள்ளைகளும் அனாதையாக நின்றன. எனக்குக் கிடைத்த புத்தகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், அவள் என்ன சமைத்தாள், யார் கூடமாட உதவினார்கள், யாரிடம் மனசு விட்டுப் பேசினாள், ஒன்றுமே இல்லை. அவள் ஊருக்கு ஒரு கடிதம் போட்டு பதில் வர எத்தனை மாதம் ஆகியிருக்கும்! நான் உன் பதில் பத்து நாள் தாமதித்ததற்கே கோபித்துக்கொண்டேன்.

அந்த டச்சுக் கோயில்தான் இப்போதைய சிவப்புக் கிறிஸ்து ஆலயம். 1753-இல் கட்டி முடித்தது. ஆங்கிலம், சீனம், தமிழ் மூன்றிலும் அங்கே ஆராதனை உண்டு. மேலே மலையில் சவேரியார் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகுமுன் சில மாதம் வைத்திருந்த குழி இருக்கிறது. நம்ம மணப்பாட்டுக் கடற்கரையில் நடந்த அதே சவேரியார்! அவர் உடலிலிருந்து 1614-இல் வலது கையை எடுத்து ரோமுக்கு அனுப்பினார்களே, இங்கே 1952-இல் வைத்த சிலைக்கும் வலது கை இல்லை. பிரதிஷ்டை செய்த மறுநாளே சவுக்கு மரம் விழுந்து உடைந்ததாம். ஊரில் இதைச் சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மலாய் மச்சிக், நம்ம ஊர் அத்தை மாதிரி, நல்ல மனுஷி. முஸ்லிம்களிடம் நம்ம சமயத்தைப் பரப்பச் சட்டம் இடம் கொடுக்காது, அதனால் நாங்கள் சமையல் மட்டும் பேசுவோம். கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுட்டு, இதை எங்கே பார்த்திருக்கப் போகிறாள் என்ற பெருமையோடு கொண்டுபோனேன். அவள் உள்ளே போய் ஒரு டின்னைத் திறந்தாள். அதே பூ, அதே ஓட்டை, அதே முறுக்கு! "குவே லோயாங்" என்றாள். அதோடு ஒரு கட்டி குலா மலாக்காவும் தந்தாள். தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றி எடுப்பது. நம்ம கருப்பட்டிக்குத் தம்பி மாதிரி, ஆனால் அந்தக் காட்டம் கிடையாது. கருப்பட்டிக் காப்பி இல்லாமல் எனக்கு விடிந்த மாதிரியே இல்லை. யாராவது வந்தால் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ கொடுத்துவிடு. சுக்கும் சேர்த்து.

சபையே சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு இந்த வருஷம் காணிக்கை ஏலம் வைத்தோம். கோழி, பூசணி எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு டுரியான் பழம் மட்டும் மூன்று தடவை ஏலம் போனது, எடுத்தவர் எல்லாரும் திரும்பக் காணிக்கையாகவே கொடுத்துவிட்டார்கள். அது அடிக்கிற வாடையில் காரில் வைத்துக்கொண்டு போக ஒருவருக்கும் மனசில்லை. கடைசியில் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்று நாள் சன்னலைச் சாத்தவில்லை.

வெளியே ஹார்ன் அடிக்கிறது, தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். ஒன்று சொல்ல மறந்தேனே, பாட்டியின் பேத்திக்கு அடுத்த மாதம் கல்யாணம், மாரியம்மன் கோயில் மண்டபத்தில். பத்திரிகை வந்துவிட்டது. கவரில் அவுக பெயரைக் காணோம். கொட்டை எழுத்தில் "ஐயரம்மா" என்று மட்டும் போட்டிருக்கிறாள். அந்த அரக்குப் பட்டு கட்டவா, நீ எடுத்துத் தந்த பச்சை கட்டவா? சீக்கிரம் எழுது.

உன்,
ஏட்டி