கடலோரச் சாலையில் ஒரு மிதிவண்டி

நான்கு பருவங்கள் உள்ள நாடுகளில் வசந்தம் பிறந்ததும் மிதிவண்டிகள் வீட்டுக்கு வெளியே வந்துவிடும். பனி உருகிச் சாலை காய்ந்த பிறகுதான் அங்குள்ளவர்கள் நெடும்பயணத்தைப் பற்றி நினைப்பார்கள். நம் நாட்டில் அத்தகைய வசந்தம் இல்லை. ஆயினும், பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாள்களுக்குத் தனி இயல்பு உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் வலுத்திருக்காது. காலைப்பொழுது பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பிற்பகலில் வானம் கறுத்து, இடியுடன் மழை கொட்டும். இதை அறிந்தவர் விடியும் முன்னே புறப்பட்டு, மழைக்கு முன் ஓரிடத்தில் ஒதுங்கிவிடுவார்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வழியாகக் கோலசிலாங்கூர்வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். மலையேற்றம் இல்லாத இந்தப் பாதை தனியாகப் பயணம் செய்யப் பழகுபவருக்கு ஏற்றது. தனிப் பயணத்தில் உதவிக்கு அருகில் ஆள் இருக்கமாட்டார். சக்கரம் பஞ்சரானால் தாமே கழற்றி மாட்ட வேண்டும். ஆகவே, மாற்று டியூப், சிறிய காற்றுப்பம்பு, இரண்டு குப்பித் தண்ணீர், முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம், ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலாடை ஆகியவை கட்டாயம் வேண்டும். எந்த வழியாகச் செல்கிறார், எங்கே தங்குவார் என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். இவ்வளவையும் செய்தவருக்குக் கிடைப்பது விரும்பிய இடத்தில் நின்று, விரும்பிய நேரம்வரை பார்க்கும் உரிமை.

பயணம் தொடங்கும் இடமே பார்க்க வேண்டிய ஒன்றுதான். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. அதன்பின், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் வலியுறுத்தினார். அதற்கான செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர் இரயில்வே பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் இங்கே வந்தன. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைக்கும் இரயில்பாதை திறக்கப்பட்டது. ஆற்றங்கரை நகரையும் கடலையும் இணைத்த அந்தப் பாதையின் திசையில்தான் மிதிவண்டிப் பயணியும் செல்கிறார்.

கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கான தனித்தடம் உள்ளது. 1970களில் அமைக்கப்பட்ட இது, உலகிலேயே இவ்வகையில் தோன்றிய முதல் தடங்களில் ஒன்று. மிதிவண்டி ஓட்டுபவர்களும் இதைப் பயன்படுத்துகின்றனர். சில இடங்களில் இத்தடம் சாலைக்கு அடியில் குறுகிய சுரங்கமாகச் செல்லும். அங்கே விளக்கு எரிய வேண்டும்; காதும் கூர்மையாக இருக்க வேண்டும். 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானதை நினைவூட்டும் கோத்தா டாருல் எசான் வளைவு சாலையின் குறுக்கே எழுந்து நிற்கும். காரில் செல்பவர் சில நொடிகளில் இதைக் கடந்துவிடுவார். மிதிவண்டியில் வருபவருக்கோ, அது தொலைவில் சிறிதாகத் தோன்றி, மெல்ல மெல்லப் பெரிதாகித் தலைக்கு மேல் வந்து நிற்கும்.

பெட்டாலிங் ஜெயா, சுபாங், ஷா ஆலம் ஆகியவற்றைக் கடந்து கிள்ளானை அடையும்போது வெயில் ஏறியிருக்கும். தெங்கு கிளானா சாலையில் மல்லிகைச் சரம் தொடுப்பவர்களும், தோசைக்கல்லில் மாவு ஊற்றுபவர்களும் தங்கள் நாளைத் தொடங்கியிருப்பார்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் இந்த மணம் நுழைவதில்லை. பசியோடு மிதித்து வந்தவருக்குச் சாம்பார் மணமே வழிகாட்டிப் பலகை!

கிள்ளானிலிருந்து வடக்கே 5ஆம் எண் கூட்டரசுச் சாலை காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூருக்குச் செல்கிறது. நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்வதாலும், வடக்கு நோக்கிச் செல்பவருக்குக் கடல் இடப்பக்கம் இருப்பதாலும், கடற்கரைக்குப் பிரியும் கிளைச்சாலைகளில் திரும்புவது எளிது. ஆனால், கடலோரச் சாலை என்றதும் வெண்மணலையும் நீல அலையையும் எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். இந்தச் சாலையின் பெரும்பகுதியில் கடல் கண்ணுக்குத் தெரியாது. மலாக்கா நீரிணையின் இந்தக் கரை சேறும் அலையாத்திக் காடுமாக உள்ளது. கடல்நீர் உள்ளே புகாதபடி பல இடங்களில் மண்கரை எழுப்பப்பட்டுள்ளது. கரைக்கு இப்பால் வீடுகள், தொழிற்சாலைகள், அவற்றுக்கிடையே செம்பனை வரிசைகள். கடல் இருப்பதைக் காற்றில் கலந்த உப்புதான் சொல்லும்.

இந்தச் செம்பனைகளுக்கு முன் இங்கே பல இடங்களில் இரப்பர் மரங்கள் நின்றன. அந்த மரங்களுக்கும் மிதிவண்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. தொடக்கக்கால மிதிவண்டிகளின் சக்கரங்களில் இரும்பு வளையமோ கட்டியான இரப்பரோ இருந்தது. ஓட்டுபவரின் எலும்பு குலுங்கியது. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகவே அவர் அதை முதலில் செய்தார். அதே 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த இரப்பர் நாற்றுகள் வெறும் 22. மிதிவண்டியும் அதன்பின் மோட்டார் வாகனமும் பெருகியபோது, மலாயாவின் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாக மாறின.

அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் கப்பலேறி வந்தனர். விடியும் முன்னே பெரட்டுக்கு நின்று, பிறகு மரம் சீவச் சென்றனர். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் அந்த அவசரம். உலகின் சக்கரங்களுக்குப் பால் எடுத்துக் கொடுத்தவர்களுள் பலர் ஒற்றையடிப் பாதையில் நடந்தே போனார்கள். காசு சேர்த்து மிதிவண்டி வாங்கியவருக்கு அது பெரிய உடைமை. உறவினரைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகலாம். கிள்ளான் பட்டணத்துக்கும் போய் வரலாம். மிதிவண்டி அவருடைய உலகத்தைச் சற்று அகலமாக்கியது.

ஆனால், அந்த மிதிவண்டியில் அவர் நிம்மதியாக அமர்ந்து செல்ல முடியவில்லை. எதிரே ஐரோப்பியத் துரையோ கிராணியோ வந்தால், தொழிலாளி வண்டியைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது பல தோட்டங்களில் இருந்த வழக்கம். சாலை அகலமாக இருந்தாலும், அவசரமாகப் போனாலும் இறங்கியாக வேண்டும்.

இதே காலத்தில் மிதிவண்டி வேறொருவருக்கு உலகத்தையே திறந்துவிட்டது. 1931ஆம் ஆண்டில் இராமநாத் பிஸ்வாஸ் என்ற வங்காளி சிங்கப்பூரிலிருந்து தனியாக மிதிவண்டியில் உலகப் பயணம் புறப்பட்டார். மலாயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் எனச் சென்று கனடாவை அடைந்தார். பழுது பார்க்கும் கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்று அவருடன் சென்றது. எல்லைகளைத் தாண்ட ஒருவருக்கு உதவிய அதே இருசக்கர வண்டியிலிருந்து, மலாயாத் தோட்டத்தில் இன்னொருவர் துரையைக் கண்டு இறங்கிக்கொண்டிருந்தார். வண்டி ஒன்றுதான், அதை ஓட்டியவருக்கு இருந்த உரிமைதான் வேறு.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனும் அவர்களுக்குத் துணைநின்றனர். சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியன அவர்களின் கோரிக்கைகளுள் சில. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரைமார் முன்னிலும் கிராணிமார் முன்னிலும் மிதிவண்டியைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமை.

ஊதியத்துக்கும் மருத்துவத்துக்கும் பக்கத்தில் மிதிவண்டி ஏன் வந்தது? ஊதியம் வயிற்றுக்கானது, அது உயர்ந்தால் கணக்கிட்டுச் சொல்லலாம். இறங்கி நிற்பதால் கையிருப்பில் ஒரு காசுகூடக் குறைவதில்லை. ஆனால், பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்த தந்தை ஒவ்வொரு முறையும் இறங்கி நின்றபோது, தன் தந்தை மற்றவரைவிடக் கீழானவர் என்ற பாடத்தைப் பிள்ளை கற்றுக்கொண்டது. தொழிலாளர்கள் மாற்ற விரும்பியது அந்தப் பாடத்தை.

வேலைநிறுத்தம் பரவியது. நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். 1941 மே மாதத்தில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படைகள் வரவழைக்கப்பட்டன. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர். போராட்டம் அடக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. போர் முடிந்த பிறகு தொழிற்சங்கங்கள் மீண்டும் தலைதூக்கின. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. நாளடைவில், துரையைக் கண்டு வண்டியைவிட்டு இறங்கும் வழக்கமும் மறைந்தது.

காப்பாரைக் கடந்து செல்லும் பயணிக்கு இவற்றையெல்லாம் சொல்லும் பலகை எதுவும் சாலையோரத்தில் தென்படுவதில்லை. ஜெராமில் இடப்புறம் திரும்பினால், ஒருவழியாகக் கடல் தெரியும். நீர் வற்றிய நேரமாயின், நெடுந்தொலைவுக்குச் சேறு மின்னும். அங்கிருந்து இன்னும் சற்று வடக்கே சென்றால் கோலசிலாங்கூர். மலாவாத்தி குன்றில் 1907ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதைச் சுற்றிலும் லோத்தோங் குரங்குகள் குட்டிகளை அணைத்தபடி அமர்ந்திருக்கும். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் கவலையில்லை. ஒதுங்க ஊர் இருக்கிறது. மழை விட்ட இரவில் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்குச் சென்றால், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல் ஒளிவிட்டு அணைவதைக் காணலாம்.

மறுநாள் அதிகாலையில் தஞ்சோங் காராங் நோக்கிப் பயணி மீண்டும் மிதிக்கத் தொடங்குவார். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் தொழிலாளி எவரேனும் எதிரே வரக்கூடும். இன்று அவர் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பார்கள். எவரும் இறங்கமாட்டார்கள். இருவருடைய சக்கரங்களும் சுழன்றுகொண்டே இருக்கும்.