எழுதியவன் தப்பு, சாட்சி சரி

மாமாவுக்குப் பழைய குட்டியானை வாங்க ஒன்றரை லட்சம் குறைந்தது. அத்தா தருவதாகச் சொல்லிவிட்டார். வட்டி கிடையாது, ஆனால் எழுத்து உண்டு, சாட்சி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலக்கொத்தளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சபை கூடியது.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று சொல்கிறேன். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் சொர்க்கத்தைப் பற்றியோ, நரகத்தைப் பற்றியோ அல்ல. கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றி! இரண்டாம் அத்தியாயம், 282-வது வசனம். தவணை குறித்து எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், சின்னத் தொகைதானே என்று சோம்பல் படாதீர்கள்... (பி.காம். படிக்கும்போதே இதைப் படித்திருந்தால் எனக்கு ஒரு அரியர் குறைந்திருக்கும்.)

எழுதும் வேலை எனக்கு. ஆகவே சாட்சிக் கணக்கில் நான் வரமாட்டேன். முதல் சாட்சியாகப் பெரியத்தா கையெழுத்துப் போட்டார். அடுத்து அக்கா பேனாவை வாங்கினாள். ஆடிட்டர் ஆபீஸில் பதினாலு வருஷ சர்வீஸ்.

"இரும்மா. ரெண்டாவது ஆம்பளை இல்லேன்னா ரெண்டு பொம்பளை வேணும். உங்கம்மாவையும் கூப்பிடு."

அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டாள். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்ப்பவள், சொந்த வீட்டில் அரை ஆள்! அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரியத்தா சொன்னது வசனத்தில் இருப்பதுதான். ஆனால் காரணமும் அங்கேயே இருக்கிறது: ஒருத்தி தவறினால் மற்றவள் நினைவூட்டுவதற்காக. எகிப்து அறிஞர் முஹம்மத் அப்துஹு (1905-ல் காலமானவர்) இதற்கு விளக்கம் சொன்னார். அக்காலப் பெண்களுக்குக் கொடுக்கல் வாங்கலில் பழக்கமில்லை. பழக்கமில்லாதது மனசில் நிற்காது, அவ்வளவுதான். அப்படியானால் பழக்கம் வந்தபிறகு? நம் தமிழிலேயே, மாஜிஸ்திரேட் உத்தியோகத்தை உதறிவிட்டு 'தாருல் இஸ்லாம்' பத்திரிகை நடத்திய பா.தாவூத்ஷா (1885-1969), அர்த்தம் புரிந்து, புத்தியைக் கொண்டு படியுங்கள் என்று காலமெல்லாம் மன்றாடினார். சிலரிடமிருந்து அவருக்குக் கிடைத்த பரிசு, காஃபிர் பட்டம்!

இதையெல்லாம் எடுத்துவிட்டேன்.

"வசனத்தை மாத்த நீ யாருடா?"

"மாத்தலை பெரியத்தா. அது சொல்ற காரணத்தையும் சேர்த்துப் படிக்கிறேன்."

"இன்னிக்கு இதுக்குக் காரணம் சொல்லுவே. நாளைக்குத் தொழுகைக்கும் ஒரு காரணம் சொல்லுவே."

அந்தப் பயத்தை என்னால் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. பதில் தேடி விழித்தேன். அதற்குள் அக்கா பத்திரத்தை எடுத்து ஒரு ஓட்டு ஓட்டினாள்.

"எழுத்துல ஒன்றரை லட்சம். நம்பர்ல 1,05,000. எதுக்கு சாட்சி?"

எழுதியது பி.காம். பட்டதாரியான அடியேன். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த பெரியத்தா, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அம்மா முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். நேரே மாமாவிடம், "போன நோன்புப் பெருநாளுக்கு எட்டாயிரம் வாங்கினியே, அது இதுல சேர்ந்ததா, தனியா?"

மாமா மறந்துபோயிருந்தார். கொடுத்த அத்தாவும்தான்.

வேறு தாளில் புதிதாக எழுதினேன். அம்மா போட்டாள், அக்கா போட்டாள். பெரியத்தா மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே, "எல்லாம் சரியா இருக்கான்னு இன்னொரு தரம் படிச்சுச் சொல்லும்மா" என்று அக்காவிடம் தாளை நீட்டினார்.